தகரக் கொட்டகையில் ஒரு கோயில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, மைக் செட்டுக்கு வாடகை வாங்க மறுத்துவிட்ட தம்பிமார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

போர்க் கைதிகள் கோயிலாக்கிய ஒரு தகரக் கொட்டகை எப்படி வந்தது, அதில் என்ன நடந்தது, அதை யார் காப்பாற்றினார்கள் என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று நான் மேடைக்கு மேடை சொல்கிறேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள். 1939 அக்டோபரில் அங்கே நின்ற பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. 800 பேருக்கு மேல் மாண்டார்கள். இனி நீர்மூழ்கி நுழையாதபடி, தீவுகளுக்கு நடுவே உள்ள கடல்வழிகளைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு அடைக்க உத்தரவிட்டார் சர்ச்சில். அந்த வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள்.

லாம் ஹோம் தீவில் 60-ஆம் எண் முகாம். தகரத்தை வளைத்துக் கவிழ்த்த நிஸ்ஸன் கொட்டகைகள்தான் வீடு. பொழுதுபோக்க ஒரு கொட்டகை வைத்துக்கொண்டார்கள். பில்லியர்ட்ஸ் மேசையைக்கூடக் கான்கிரீட்டிலேயே வார்த்துவிட்டார்கள்! நாடகம் போட்டார்கள். கும்பிடத்தான் இடம் இல்லை.

1943-இல் இரண்டு கொட்டகைகளை ஒட்டவைத்துத் தேவாலயம் ஆக்க அனுமதி கிடைத்தது. டொமெனிகோ கியோக்கெட்டி என்ற கைதி, மொயேனா ஊர்க்காரர், ஓவியர். உள்சுவரில் பலகை அடித்து, செங்கல்லும் செதுக்கிய கல்லும் போலவே வண்ணம் தீட்டினார். பலிபீடம் கான்கிரீட். மாட்டிறைச்சி டின்னை வெட்டி விளக்கு. மூழ்கிய கப்பலிலிருந்து மரம். பலும்பி என்ற கொல்லர் இரும்பிலேயே அலங்காரத் தடுப்பு செய்து கொடுத்தார். பீடத்துக்கு மேலே மாதா படம். அதற்கு மாதிரி எது தெரியுமா? போருக்குப் புறப்பட்ட கியோக்கெட்டி கையில் அவர் அம்மா கொடுத்த சின்ன ஜெபப் படம். பாலைவனம், சிறை, கப்பல் எல்லாவற்றையும் தாண்டி அதைப் பத்திரமாக வைத்திருந்தார் அந்த மனிதர். 1944-இல் மற்ற கைதிகள் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். ஞானஸ்நானத் தொட்டி முடியவில்லை என்று இவர் மட்டும் பின்தங்கினார்! வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றால் இதுதானே ஐயா?

போர் முடிந்து முகாமையே பிரித்துவிட்டார்கள். தேவாலயம் நின்றது. 1958-இல் உள்ளூர்க்காரர்கள் அதைக் காக்கக் குழு அமைத்தார்கள். 1960-இல் கியோக்கெட்டியே திரும்பி வந்து பழுது பார்த்தார்.

சரி, அங்கே ஊர்க்காரர்கள் குழு அமைத்தார்கள். இங்கே? மார்கழியில் பஜனையும் மற்ற மாதங்களில் கேரம் போர்டுமாக இருந்த நம் பழைய படிப்பகத்தை இடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். கூரை ஒழுகுகிறது, உண்மைதான். ஓடுகளை மாற்றலாமே! சுவர் இன்னும் திடமாகத்தானே இருக்கிறது? ஓடு வாங்க ஊரில் ஆள் இல்லையா, ஏற்றிவிட இளைஞர்கள் இல்லையா? மேடைக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறது. பெரியவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். வரும் கிராம சபையில் தலைவி அவர்களிடம் கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.