எங்க வரணும்?

(சென்னையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மேடையேறும் முன் செயலாளரிடம், "இந்த மண்டபத்தின் கதவு எண் என்னங்க?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்துன்னா எல்லாருக்கும் தெரியுங்க" என்றார். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று 108-ஐ அழைத்தேன். "அம்மா விழுந்துட்டாங்க, பேச்சு மூச்சில்ல, உடனே வாங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அங்கிருந்தே திரும்ப அழைப்பு வந்தது. "மேடம், எங்க வரணும்?" அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தக் கேள்விதான், போகிற ஊரிலெல்லாம் அனுமதி கேட்டு இந்த அழைப்பு மையங்களை எட்டிப் பார்க்க வைத்தது.

இதற்கெல்லாம் மூத்தது லண்டன். 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தார். எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு அவருடையதும் வரிசையில் காத்துக் கிடந்தது. வெகுண்டுபோய்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் வந்தது. அந்த எண்ணைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஹாரன் அலறும். அலறல் தாங்காமல் ஹாரன் வாயில் டென்னிஸ் பந்தைச் செருகி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. முதல் வாரத்திலேயே 91 குறும்பு அழைப்புகள். ஆக, அந்தப் பழக்கம் நம் பிள்ளைகள் கண்டுபிடித்ததல்ல.

அமெரிக்காவில் 911-க்கான முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் ஒலித்தது. நான் பார்த்தது வேறொரு கிராமப்புற மாவட்டத்தின் மையம். சினிமா பார்த்துக் கெட்டுப்போனவள் நான். ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும் என்று போனேன். மங்கிய வெளிச்சத்தில் இரண்டே பேர், ஆளுக்கு ஐந்தாறு திரைகள். சினிமாவில் "என்ன அவசரம்?" என்றுதானே கேட்பார்கள்? அங்கே முதல் கேள்வி, "எந்த முகவரி?" காரணம் எளிது. லைன் அறுந்துபோனாலும் இடம் தெரிந்தால் வண்டி அனுப்பலாம். என்ன நடந்தது என்று மட்டும் தெரிந்தால் எதையும் அனுப்ப முடியாது.

அந்த நாட்டிலும் முகவரி தானாக வந்துவிடவில்லை. கிராமங்களில் நெடுங்காலம் "ரூரல் ரூட் 3, பாக்ஸ் 42" என்று தபால் வழித்தட எண்ணும் பெட்டி எண்ணும்தான் எழுதுவார்கள். தபால்காரருக்கு அது போதும், ஆம்புலன்ஸுக்குப் போதாது. மேற்கு வர்ஜீனியாவில் இந்த நூற்றாண்டில்தான் மாநிலம் முழுவதும் சாலைகளுக்குப் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் கொடுக்கும் வேலையே நடந்தது.

சிங்கப்பூரில் பிளாக் எண், மாடி, வீட்டு எண் என்று எல்லாம் ஒழுங்கு. அங்கே ஆம்புலன்ஸுக்கான எண் 995-இல் இடம் சில நொடியில் தெரிந்துவிடும். மிச்ச நேரம் உயிருக்கு. மூச்சு நின்றவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லி, கூடவே எண்ணுவார்கள். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது அழுத்தம்.

இப்போது நம் 108. ஹைதராபாத்தில் 2005-இல் தொடங்கி, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்னையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நாகர்கோவில் தமிழும் புரிய வேண்டும், கிருஷ்ணகிரித் தமிழும் புரிய வேண்டும். "புதூர்" என்பார்கள். எந்தப் புதூர்? தமிழ்நாட்டில் புதூர் இல்லாத மாவட்டம் உண்டா? தாலுகா கேட்டால், "தாலுகாவா கேக்கிறே, உசுரு போகுது" என்று திட்டு விழும். அழைத்தவர் "ஊரணிக் கரை" என்பார், "தண்ணி டேங்குக்குப் பின்னால" என்பார். அந்தப் பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். கைபேசி இடத்தைக் காட்டாதா என்று கேட்பீர்கள். காட்டும், சில நேரம் கச்சிதமாக, சில நேரம் வரைபடத்தில் ஒரு பெரிய வட்டமாக. எட்டாவது மாடியா, தரைத்தளமா என்பதை அந்த வட்டம் சொல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்துறாங்க" என்று பலர் குறைப்படுகிறோம். அன்று நானும் திட்டினேன். உண்மையில் பெரிய மையங்களில் பேசுகிறவர் ஒருவர், வண்டி அனுப்புகிறவர் வேறொருவர். உங்களிடம் வயது கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பியிருக்கலாம். அந்த விடைகள் வண்டியில் இருக்கும் மருத்துவ உதவியாளருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வைத்தவள் சொல்கிறேன்.

நான் பார்த்த அமெரிக்க மையத்தில், பேசி முடிக்கும் முன், "வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள்" என்றார்கள். நம்மூரில், "மெயின் ரோட்டுக்கு ஒரு ஆளை அனுப்புங்க." அனுப்பும் ஆளின் கையில் டார்ச் கொடுத்து அனுப்புங்கள். இருட்டில் வெறும் கையை ஆட்டினால் பைலட் கண்ணுக்குத் தெரியாது. ஆம், 108 வண்டி ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள்.

செயலாளரிடமிருந்து ஒரு சீட்டு வருகிறது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "பழைய எண் 14, புதிய எண் 31." நன்றி ஐயா. அவசரத்துக்கு அழைத்தால் இரண்டையும் சொல்லுங்கள். பிள்ளையார் கோயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.