மாரி காலத்தில் சிறுத்தைப் பல்லி ஏன் சாப்பிட மறுக்கிறது?

[காட்சி: விடியாத இருட்டு. சிறிய கண்ணாடித் தொட்டி. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு ஒரு பல்லி, ஓட்டுத் துண்டுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டியபடி.]

வணக்கம். நேரம் காலை நாலரை. திருவெம்பாவைக்காரர் சங்கும் சேமக்கலமுமாக எங்கள் ஒழுங்கையால் போகிற சத்தம் உங்களுக்கும் கேட்கும். நான் இந்த நேரத்தில் எழும்பி உட்கார்ந்திருப்பது இவனுக்காக. பதினொரு நாளாக இவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

இவன் லெப்பர்ட் கெக்கோ, தமிழில் சொன்னால் சிறுத்தைப் பல்லி. பூர்வீகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்துக் கல்லும் காய்ந்த மண்ணுமான நிலம். எங்கள் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணை நக்கித் துடைக்கும். இவனுக்கு இமை உண்டு. கண்ணை மூடித் தூங்குவான். விரலில் ஒட்டும் தகடு இல்லாததால் சுவர் ஏறத் தெரியாது. வயிறு நிலத்தோடு பட்டபடி வாழ்கிறவன். அந்த வயிற்றில்தான் இன்றைய கதை முழுக்க இருக்கிறது.

[காட்சி: சீமெந்துத் தரையில் வெப்பமானி. எண் தெளிவாகத் தெரியும்வரை நெருங்குகிறது.]

"யாழ்ப்பாணத்தில் என்ன குளிர்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்காவின் மகள் ரொறன்ரோவில் இதே இனத்தை வளர்க்கிறாள். வெளியே பனி கொட்டுகிற மாதத்திலும் அது ஒழுங்காகச் சாப்பிடுகிறது. ஏனென்றால் தொட்டிக்கு அடியில் வைக்கிற ஹீட் மேட்டை, அதாவது கரண்டில் சூடாகும் விரிப்பை, அவள் நிறுத்துவதே இல்லை. நான் சித்திரை வெக்கையில் நிறுத்தினேன், கார்த்திகையில் திரும்பப் போட மறந்துவிட்டேன். வெயிலைக் காணாமல் நாள்கணக்கில் மழை. ஓட்டு வீடு, சீமெந்துத் தரை. இப்போது பாருங்கள், தொட்டி இருக்கிற இடத்தில் தரை 23 பாகை. எங்களுக்கு இது போர்த்திக்கொண்டு படுக்க இதமான குளிர். இவன் வயிற்றுக்கோ அடுப்பு அணைந்த மாதிரி.

எங்கள் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஊர்வன அப்படியில்லை, சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். இரையைக் கரைக்கிற சாறுகள் வேலை செய்வதற்கு வயிற்றுக்கு அடியில் 32 பாகை அளவில் சூடு தேவை. அது கிடைக்காவிட்டால் விழுங்கிய பூச்சி கரையாமல் உள்ளேயே கிடந்து அழுகத் தொடங்கும். அதனால்தான் சாப்பிட மறுக்கிறது. அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், அந்த உடம்புக்குத் தெரிந்த பாதுகாப்பு அது.

நான் செய்த பிழையையும் சொல்லவேண்டும். நாலாம் நாள் பயந்துபோய் வாயைத் திறந்து ஒரு மீல்வோர்மைத் திணித்தேன். மறுநாள் காலையில் அந்தப் புழு முழுசாக, கொஞ்சம் கறுத்து, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் சூடு, அப்புறம்தான் சாப்பாடு.

[காட்சி: வால் மட்டும், மேலிருந்து.]

இந்த வாலைப் பாருங்கள். இதுதான் இவனுடைய கட்டுச்சோறு. கொழுப்பை இதில்தான் சேர்த்து வைப்பான். இவனுடைய சொந்த நிலத்தில் மாரிக்குளிர் கடுமை. அங்கே கல்லிடுக்கில் அடங்கிக் கிடந்து, இந்த வாலை நம்பித்தான் குளிரைக் கடக்கும். வால் கழுத்தளவு தடிப்பாக இருந்தால் வளர்ந்த பல்லி இரண்டு மூன்று கிழமை சாப்பிடாமல் தாங்கும். குஞ்சுகளால் அப்படித் தாங்க முடியாது, அவற்றில் கவனமாக இருங்கள்.

வாலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. குசினித் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். ஐப்பசியில் இவன் 66 கிராம், இன்று 63. பத்தில் ஒரு பங்கு, அதாவது இவனுக்கு ஆறு ஏழு கிராம் குறைந்திருந்தால் நான் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், மிருக வைத்தியரிடம் போயிருப்பேன்.

சூட்டுக்கு வருவோம். ஹீட் மேட் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் இருக்கட்டும். மற்றப் பக்கம் 25 பாகை அளவில் இருந்தால் சூடு கூடும்போது அங்கே ஒதுங்குவான். சூடு அளவு மீறாமல் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைப் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். சூடாகும் கல் என்று விற்பதையும் வாங்க வேண்டாம், அதுவும் சுட்டுவிடும். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட மானியை நம்பாதீர்கள், அது காற்றைத்தான் அளக்கும். கம்பி முனையுள்ள வெப்பமானியை அவன் படுக்கிற இடத்திலேயே வையுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் கிடந்தால், அதில் பொருளின் மேற்பரப்பை அளக்கும் முறை இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு முறையில் இந்த அளவு சரியாக வராது.

மழைக்காற்றில் கரண்ட் போனால்? ஒரு போத்தலில் சுடுதண்ணி நிரப்பி, துவாயால் சுற்றி, கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். காற்றுப்போக இடம் விட்டு மேலே போர்வை. கரண்ட் வந்து சூடு நிலைக்கும்வரை இரை போடாதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். சாப்பிடவில்லையே என்று விதவிதமான பூச்சி தேடி அலைவோம். வெங்காயத் தோட்டத்திலோ புகையிலைத் தோட்டத்திலோ வெட்டுக்கிளி பிடித்துப் போடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். மின்மினிப் பூச்சி பல்லி இனத்துக்கு நஞ்சு, ஒன்றே உயிரை எடுக்கலாம். சாப்பிடாத கிரிக்கெட் பூச்சியை இரவில் உள்ளே விட்டுவைத்தால் அது பல்லியைக் கடிக்கும்.

தோல் உரிக்கிற நாட்களிலும், பெண்ணுக்கு முட்டை உருவாகிற காலத்திலும் சாப்பாடு குறைவது வழக்கம். ஆனால் சூடு சரியாக இருந்தும் வால் மெலிந்துகொண்டே போனால், திரும்பத் திரும்பக் கக்கினால், கழிவு தண்ணீராகி நாறினால், அதைக் குளிர் என்று தள்ளிவிடாதீர்கள். குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அன்றைய கழிவைச் சிறிய டப்பாவில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போங்கள், வால் குச்சியாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

[காட்சி: நான்கு நாள் கழித்து, இரவு. வெப்பமானியில் 32.]

மேட் போட்டு நான்காம் இரவு. ஓட்டுக்கு அடியிலிருந்து முழுசாக வெளியே வந்துவிட்டான். சிறிய கிரிக்கெட் பூச்சி ஒன்றுதான் விட்டிருக்கிறேன். பேசாமல் வால் நுனியைப் பாருங்கள், பாயப் போகும்போது அது நடுங்கும்.

நடுங்குகிறது.

பிடித்துவிட்டான். இன்றைக்கு இது ஒன்று போதும். கழிவு ஒழுங்காக வந்த பிறகுதான் அடுத்தது.