சிப்ஸ் போய்விட்டது, பணம் எப்போது வரும்?

வணக்கம் மக்களே. பின்னால் சடசடவென்று ஒரு சத்தம் கேட்கிறதா? அது நாங்கள் சிப்ஸ் வறுக்கும் உருளி. மைனி, அதாவது அண்ணி, ஏத்தங்காயை (நேந்திரங்காயை) எண்ணெய்க்கு மேலேயே பிடித்து நேராகச் சீவுகிறார்கள். முக்கால் பதம் வந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீர் ஒரு கரண்டி அதே எண்ணெயில் விழும். ஒரே சீறல்தான். அது அடங்கி, சத்தம் ஓயும் நேரம் பார்த்துக் கோரி எடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கருகிவிடும்.

மார்த்தாண்டம் பக்கத்தில் அப்பா இதைத் தொடங்கி 18 வருடம் ஆகிறது. நம்ம குமரி மாவட்டத்தில் சிறுதொழில்கள் ஏன் சில தழைக்கின்றன, சில படுத்துவிடுகின்றன என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். ஆள் கிடைப்பதில்லை, எண்ணெய் விலை ஏறுகிறது, கரண்ட் போகிறது, எல்லாம் உண்மைதான். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது வாழைத் தோட்டமெல்லாம் சாய்ந்து, காய்க்கு அலைந்தோம். அதைக்கூடத் தாங்கினோம். எங்களை முட்டுப்போட வைத்தது வராத பாக்கி.

கணக்கு சொல்கிறேன். வாரம் 100 கிலோ சிப்ஸ், கிலோ 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 35,000. வாங்குகிறவர் 60 நாள் கழித்துப் பணம் தந்தால், எப்போதும் ஏறக்குறைய 3 லட்சம் நம் கையை விட்டு வெளியே நிற்கும். சந்தையில் காய்க்கு ரொக்கம், தேங்காயெண்ணெய்க்கு ரொக்கம், வேலைக்கு வரும் அக்காமார்களுக்குச் சனிக்கிழமை கூலி. அப்போ அந்த 3 லட்சத்துக்கு யார் பொறுப்பு? அம்மாவின் நகைதான். ஓணத்துக்கு முன்னால் ஆர்டர் இரட்டிப்பாகும், காய் விலையும் ஏறும். விற்பனை கூடக் கூட நெருக்கடியும் கூடும். அந்த மாதத்தில்தான் வட்டிக்கு வாங்கினோம்.

நம்ம ஊர் அண்டி ஆபீஸ்காரர்களுக்கு, அதாவது முந்திரி ஆலைக்காரர்களுக்கு, இது இன்னும் கடினம். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வரும் சீசனில் மொத்தமாக வாங்கி வைத்து, மாதக்கணக்கில் உடைத்து விற்கிறார்கள். அவ்வளவு நாளும் போட்ட பணம் மூட்டையில் தூங்கும்.

எங்களுக்குப் பெரிய கடை ஒன்று எட்டு மாதம் இழுத்தது. பெயர் வேண்டாம். அப்பா போய் நிற்பார், டீ கொடுத்து அனுப்புவார்கள். அப்பாவை அப்படித் திரும்பி வரப் பார்த்த பிறகுதான் நான் சட்டத்தைப் படித்தேன். 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

அப்புறம், நமக்கு முக்கியமான ஒன்று. வாங்கியவர் திருவனந்தபுரத்தில் இருந்தாலும், மும்பையில் இருந்தாலும், பாக்கி கேட்கும் மனுவைத் தமிழ்நாட்டிலேயே கொடுக்கலாம். அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். பெரிய கடைகளின் ஆடிட்டர்களே இப்போது பில்லில் உத்யம் எண், அதாவது சிறுதொழில்களுக்கு அரசு தரும் பதிவு எண், இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அந்த உத்யம் பதிவு இலவசம், மக்களே. ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். சரக்கு அனுப்பும் முன்பே பதிந்துவிடுங்கள், உற்பத்தி என்று பதியுங்கள். வியாபாரம் என்று போட்டால் இந்தப் பாக்கிப் பாதுகாப்பு கிடைக்காது. தெரியாதவர்கள் நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள்.

நாங்கள் மனு கொடுக்கும் அளவுக்குப் போகவில்லை. சட்டப் பிரிவைக் குறித்து, வட்டியைக் கணக்குப் போட்டு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரத்தில் அசல் வந்தது. வட்டியை அப்பா விட்டுவிட்டார். நான் விட்டிருக்க மாட்டேன். இப்போது சரக்கு இறங்கியதும் கடைக்காரர் கையெழுத்தும் தேதியும் பில்லில் வாங்கி வைக்கிறோம். அந்த நோட்டு மைனி பொறுப்பில் இருக்கிறது.

சரி, எண்ணெய் காய்ந்துவிட்டது, மைனி கூப்பிடுகிறார்கள். அடுத்த ஈட்டுக்குக் காய் உரிக்கப் போகிறேன்.