கூலன்ட் நாறுது, பினாயில் ஊத்தலாமா?

அடுத்த கேள்வி. "லீவு முடிஞ்சு லேத்தை ஓட்டினா கூலன்ட் அழுகின முட்டை மாதிரி நாறுது. டேங்குல பினாயில் ஊத்தலாமா?"

ஊத்தாதீங்க. கூலன்ட்ங்கிறது வெட்டுற இடத்தைக் குளிர வைக்க தண்ணியில கலந்து விடுற ஆயில். ஆபரேட்டர் கை நாள் முழுக்க அதுலதான் நனையுது, மெஷின் அதையே தூறலா அடிக்குது, மூச்சுலயும் போகும். நாத்தம் மட்டும் மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

காரணம் மேல மிதக்கிற எண்ணெய். ஸ்லைடுல, அதாவது மெஷின்ல நகர்ற பாகத்துல இருந்து வழியிற ஆயில் டேங்குல பாலாடை மாதிரி படியுது. மெஷின் நின்னா கீழ காத்து போகாது. காத்து இல்லாத இடத்துல வளர்ற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுது, அதான் முட்டை நாத்தம். அதனால லீவுக்கு முன்னாடியே அந்த ஆடையை வழிச்சு எடுத்துடுங்க. எண்ணெயை மட்டும் உறிஞ்சுற துணி கிடைக்குது, அதைப் போட்டு எடுத்தாலும் சரி.

அப்புறம் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மை காட்டுற ஸ்ட்ரிப்பை முக்கிப் பாருங்க. பெரும்பாலான கூலன்ட்டுக்கு 8.5லிருந்து 9.5 வரை இருக்கணும். கீழ இறங்கிட்டே வந்தா பாக்டீரியா பெருகுதுன்னு அர்த்தம். தண்ணியில எத்தனை சதவீதம் கூலன்ட் ஆயில் இருக்குன்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்லயும் பாருங்க. அதுல தெரியிற நம்பரை அப்படியே சதவீதம்னு எடுத்துக்காதீங்க, கேன்ல போட்டிருக்கிற ஃபேக்டரால பெருக்கணும். 3 காட்டுது, ஃபேக்டர் 1.5னா, 4.5 சதவீதம்.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. அளவு குறைஞ்சா வெறும் தண்ணியை ஊத்திடறது. வெட்டி விழுற உலோகச் சிப்ஸோட ஒட்டிக்கிட்டு கூலன்ட் ஆயிலும்தான் போகுது, அதனால நாளாக நாளாக நீர்த்துடும். 100 லிட்டர் டேங்குல 80 லிட்டர், 4.5 சதவீதத்துல மிச்சம் இருக்கு, 7 சதவீதம் வேணும்னு வைங்க. 16.6 லிட்டர் தண்ணியை பக்கெட்ல எடுத்து, அதுல 3.4 லிட்டர் கூலன்ட் ஆயிலைக் கலக்கிக்கிட்டே விட்டு, டேங்குல ஊத்துங்க. தண்ணிக்குள்ள ஆயில்தான் போகணும். மாத்தி ஊத்தினா கலவை திரிஞ்சு கெட்டியாகிடும்.

ஏற்கெனவே நாறிடுச்சா? பழசு மேல புதுசு ஊத்தினா காசு தண்டம். கூலன்ட் இருக்கும்போதே டேங்க் கிளீனரைக் கலந்து, கேன்ல சொல்லியிருக்கிற நேரம் ஓட்டி, முழுசா வடிச்சு, அடியில இருக்கிற சேறை வழிச்சு, பைப்பையும் அலசணும். சேறு கொஞ்சம் தங்கினாலும் திரும்ப நாறும். வடிச்சதை சாக்கடையில விடாதீங்க, டிரம்ல மூடி வெச்சு, அனுமதி உள்ள கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க.

கை அரிப்புக்கு கையுறை போடலாமான்னும் இதுலயே கேட்டிருக்கீங்க. டேங்க் கழுவும்போது போடுங்க. வேலைப்பொருளைப் பிடிச்சு சுத்துற சக் பக்கத்துல கூடவே கூடாது, கையையே இழுத்துடும்.