வலிக்கிறதா என்று குழந்தையை யார் கேட்டார்கள்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடும் நோயுற்ற குழந்தைகளைப் பராமரிப்பதில் செவிலியர்களின் ஆராய்ச்சியும் கல்வியும் என்ன செய்திருக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து, பிறகு செவிலியர் கல்லூரியில் பாடம் சொல்லித் தருபவள் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் வானொலியை அணைக்கப் போகிறவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது ஆய்வுக்கூடத்தைப் பற்றியல்ல, கட்டிலின் ஓரத்தைப் பற்றி.

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் விடியும்வரை விழித்திருந்த அனுபவம் உங்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். எந்த அழுகை பசிக்கானது, எது வலிக்கானது, எது வெறும் தூக்கக் கலக்கம் என்பதெல்லாம் அந்த இரவில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் காலையில் மருத்துவர் கேட்கும்போது, அவ்வளவும் ‘ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை, டாக்டர்’ என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிப் போகிறது. மருத்துவமனையில் இரவும் பகலும் முறைமாற்றிக் குழந்தையின் அருகில் இருக்கும் செவிலியருக்கும் நெடுங்காலம் இதே நிலைதான் இருந்தது. அவர் கண்டதும் கேட்டதும் எழுத்தில் ஏறி, அளந்து ஒப்பிடக்கூடியதாகி, அடுத்தவருக்குக் கற்றுத்தரக்கூடியதாக ஆகாதவரை, பெரியவர்களின் ஊகமே சிகிச்சையை நடத்திச் செல்லும். அந்த ஊகம் குழந்தைகளை என்ன பாடு படுத்தியது என்பதற்குச் சான்று இருக்கிறது.

1970களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோ ஈலாண்ட் என்ற செவிலியர், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 25 குழந்தைகளின் மருந்துப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை வலி மருந்து கொடுக்கப்பட்டது என்று எண்ணினார். 13 குழந்தைகளுக்கு ஒருமுறைகூடக் கொடுக்கப்படவில்லை. மீதமிருந்தவர்களுக்கு எல்லாம் சேர்த்து 24 முறை. அதேபோன்ற நோய்களுக்காகச் சிகிச்சை பெற்ற 18 பெரியவர்களின் ஏடுகளையும் அவர் புரட்டினார். அவர்களுக்கு 671 முறை கொடுக்கப்பட்டிருந்தது. இந்த எண்களை இன்னொரு முறை சொல்கிறேன், ஏனெனில் வானொலியில் எண்கள் காதைக் கடந்து ஓடிவிடும்: 25 குழந்தைகளுக்கு 24 முறை, 18 பெரியவர்களுக்கு 671 முறை.

இதைச் செய்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். குழந்தையின் நரம்புகள் முழு வளர்ச்சி அடையவில்லை, ஆகவே வலி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிடும் என்று அவர்களுக்குப் பாடமாகவே சொல்லித் தரப்பட்டிருந்தது. வலுவான மருந்துக்குக் குழந்தை அடிமையாகிவிடும், மூச்சு நின்றுவிடும் என்ற அச்சமும் கூடவே இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. கட்டிலருகில் நின்றவர்களுக்கு மட்டுமே அது புலப்படும். அன்று வலி மருந்து பெரும்பாலும் தசையில் போடும் ஊசியாகவே கொடுக்கப்பட்டது. வயிற்றில் தையலோடு கிடக்கும் ஆறு வயதுப் பிள்ளை, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கால்களை மடக்கியபடி அசையாமல் படுத்திருக்கும். ‘வலிக்குதா கண்ணு?’ என்று கேட்டால் இல்லை என்று தலையை ஆட்டும். ஆட்டிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காது. கையிலுள்ள தட்டில் ஊசி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். வலியைப் போக்க இன்னொரு வலியா என்று அந்தப் பிள்ளை போட்ட கணக்கு சரியான கணக்கு. ஆனால் பதிவேட்டில் ‘குழந்தை அமைதியாக இருக்கிறது, வலி இல்லை’ என்று எழுதப்பட்டது.

ஆகவே ஈலாண்ட் கேட்கும் முறையை மாற்றினார். குழந்தையிடம் வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, மிக மோசமான வலிக்கு எந்த நிறம், கொஞ்சம் வலிக்கு எந்த நிறம், வலியே இல்லாததற்கு எந்த நிறம் என்று அதையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, உடலின் கோட்டுருவத்தில் வலிக்கும் இடங்களில் தீட்டச் செய்தார். வலியின் இடமும் அளவும் வாய்ச்சொல் இல்லாமலேயே வெளிவந்தன. பேசத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக 1997இல் மிச்சிகனில் உருவான ஓர் அளவுகோல், முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. அதைக் கற்பிக்கும்போது மாணவியரிடம் நான் எப்போதும் சொல்வது, கால்களைப் பாருங்கள் என்பதுதான். பெரியவர்களைச் சமாதானப்படுத்த முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் கால்களை மறைக்கத் தெரியாது.

இந்த இடத்தில் மருத்துவர்களையும் விட்டுவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சையின்போது போதிய வலிநீக்கி கொடுத்தால் உடலின் அதிர்ச்சி குறைகிறது, பிந்தைய சிக்கல்களும் குறைகின்றன என்று கே. ஜே. எஸ். ஆனந்தும் அவரது குழுவினரும் 1987இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எழுதியபோதுதான், பச்சிளங் குழந்தைக்கு வலியே தெரியாது என்ற பேச்சு ஆட்டம் கண்டது. ஆண்டைக் கவனியுங்கள், 1987.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுக்கு வருகிறேன். நேரம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாணவியர் இதை மனப்பாடமாகவே சொல்லுவார்கள்.

பிழைக்க வாய்ப்பில்லாத நோயுள்ள குழந்தையிடம் அதைச் சொல்லக் கூடாது, சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது, தெரியாவிட்டால் அச்சமும் இருக்காது. இது அக்காலத்தில் பெற்றோரும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஒன்றுபோல நம்பிய விஷயம். யூஜீனியா வேக்டர் என்ற அமெரிக்கச் செவிலியர் இதை நம்ப மறுத்தார். நம்ப மறுப்பதோடு நின்றிருந்தால் அது அவருடைய கருத்தாக மட்டுமே இருந்திருக்கும். அவர் அதைச் சோதித்துப் பார்க்கும் வழியைத் தேடினார். சாவைப் பற்றிக் குழந்தையிடம் நேராகக் கேட்பது முறையாகாது. அதனால் 6 முதல் 10 வயது வரையுள்ள 64 குழந்தைகளை நான்கு குழுக்களாக எடுத்துக்கொண்டார்: உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவர்கள், நீண்டகால நோய் இருந்தாலும் உயிராபத்து இல்லாதவர்கள், சிறிய நோய்க்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள், நோயில்லாமல் பள்ளிக்குச் செல்பவர்கள், குழுவுக்குப் 16 பேர். ஒவ்வொரு குழந்தையிடமும் சில படங்களைக் காட்டி, ‘இந்தப் படத்தை வைத்து ஒரு கதை சொல்’ என்றார். அவ்வளவுதான். கதையைக் கேட்டு எழுதிக்கொண்டார். பெற்றோரிடம், குழந்தையிடம் நோயைப் பற்றி என்ன பேசியிருக்கிறீர்கள் என்று தனியாக விசாரித்தார்.

1971இல் வெளியான அந்த முடிவுகள் இன்றும் படிக்கத் தகுந்தவை. ஆபத்தான நோயுள்ள குழந்தைகளின் அச்சம் எவ்வளவு என்று காட்டும் மதிப்பெண், மருத்துவமனையிலிருந்த மற்றக் குழந்தைகளுடையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. அந்தப் 16 பேரில் தங்கள் சாவைப் பற்றிப் பெற்றோரிடம் பேசியிருந்தவர்கள் 2 பேர்தான். ஆனால் பலருடைய கதைகளில் வந்த பிள்ளைக்கு அவர்களுடைய நோயே இருந்தது, அவர்கள் படுகிற அதே தொல்லைகள் இருந்தன, கதை முடிகையில் அந்தப் பிள்ளை இறந்தும் போனது. யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாழ்ந்த குரலில் நடக்கும் பேச்சு, திடீரென்று குறைந்துபோன கண்டிப்பு, அம்மாவின் சிவந்த கண், இவை போதாதா? வீட்டில் எதையாவது மறைக்க முயன்ற எந்தப் பெற்றோருக்கும் இது புதிதாக இருக்காது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு, எனக்கு அதுவே முக்கியம். நோயைப் பற்றிப் பேசவும் கேட்கவும் எந்த அளவுக்கு வாய்ப்புக் கொடுக்கப்பட்டிருந்ததோ, அந்த அளவுக்குக் குழந்தையின் அச்சம் குறைவாக இருந்தது. பேசாமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைத்திருந்தோம். அந்த மௌனம் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டது. ஆனாலும், எல்லாக் குழந்தைகளிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தை கேட்கும் கேள்விக்கு, அது கேட்கும் அளவுக்கு, பொய்யில்லாத விடை வேண்டும் என்பதே செய்தி.

பெற்றோரை வார்டுக்கு வெளியே நிறுத்திய காலத்தைப் பற்றியும் நிறையப் பேசலாம். வருகை நேரம் என்று நேரம் குறித்து, அம்மா போனபின் குழந்தை அழுவதால் அம்மா வருவதே கெடுதல் என்று முடிவு கட்டியிருந்தார்கள். பிரிட்டனில் 1959இல், அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொன்னது. சொன்னபடி நடந்ததா என்றால், பல வார்டுகளில் நடக்கவில்லை. இன்றோ, எடை குறைந்து பிறந்த குழந்தையை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்து வைத்தால் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று 2021இல் வெளியான ஐந்து நாடுகளின் ஆய்வு காட்டியிருக்கிறது. வெளியே நிறுத்தப்பட்டவர் இப்போது சிகிச்சையின் பகுதியாகிவிட்டார்.

ஆராய்ச்சி எப்போதும் நாம் விரும்பியதையே சொல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். மார்த்தா கர்லி என்ற செவிலியர் தலைமையில் அமெரிக்காவின் 31 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரில் இருந்த 2,449 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2015இல் முடிவு வெளியானது. மயக்க மருந்தின் அளவைச் செவிலியர்களே ஒரு நெறிமுறைப்படி கூட்டிக் குறைத்தால் குழந்தை விரைவில் வென்டிலேட்டரிலிருந்து விடுபடுமா என்பது கேள்வி. விடுபடவில்லை, நாட்கள் குறையவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் குறைந்த மருந்தோடு, விழிப்பாகவும் அமைதியாகவும் அதிக நாட்கள் இருந்தார்கள். அதே சமயம், வலியும் அமைதியின்மையும் பதிவான நாட்களும் அவர்களிடம் அதிகம். இதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் குழந்தை எதையும் சொல்லாது, விழித்திருக்கும் குழந்தை சொல்லும் என்பது என் வாசிப்பு. சொன்னபின் நாம் என்ன செய்கிறோம் என்பது அடுத்த ஆய்வுக்கான கேள்வி.

இவையெல்லாம் வகுப்பறைக்கு எப்படிப் போகின்றன? செவிலியர் பாடத்திட்டங்களில் மருந்தின் அளவைக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடக் கற்றுத் தருகிறோம். அது வேண்டும், ஒரு புள்ளி இடம் மாறினால் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, அம்மா அசந்து தூங்கும் நேரம் பார்த்து, ஒன்பது வயதுப் பையன் ‘சிஸ்டர், நான் செத்துப்போயிடுவேனா?’ என்று கேட்டால் என்ன செய்வது என்பது எந்தக் கணக்கிலும் வராது. புதிதாக வேலைக்கு வந்தவர், ‘சீச்சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று சொல்லிவிட்டு, சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்ஸைச் சரிபார்க்கத் தொடங்குவார். பையன் அதன்பிறகு யாரிடமும் கேட்க மாட்டான்.

ஆகையால் இதை நடித்துப் பழக வைக்கிறோம். ஒரு மாணவி பையனாகவும் மற்றொருவர் செவிலியராகவும் அமர்வார்கள். முதல் பாடம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது. அடுத்தது, விடை சொல்ல அவசரப்படாமல், ‘அப்படிக் கேட்கணும்னு ஏன் தோணுச்சு?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. அந்தச் சில நொடி மௌனத்தைத் தாங்குவதுதான் மாணவியருக்கு ஊசி குத்துவதைவிடக் கடினமாக இருக்கிறது. பையனின் அச்சம் சாவைப் பற்றியதாக இருக்கலாம், அடுத்த கட்டிலிலிருந்த பிள்ளை நேற்று எங்கே போனான் என்பதாகவும் இருக்கலாம், பள்ளித் தேர்வுக்குப் போக முடியுமா என்பதாகவும் இருக்கலாம். கேட்காமல் நமக்குத் தெரியாது. கேட்டதை அன்றிரவே எழுதி வைக்க வேண்டும், காலையில் மருத்துவருக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். நான் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தெரிகிறது. வகுப்பிலும் என்மேல் இதே புகார்தான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டதாம். வீட்டில் வைத்துப் பராமரிப்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சகோதர சகோதரிகளைப் பற்றியும், குழந்தையை இழந்தபின் அடுத்த நாளே பணிக்கு வரும் செவிலியரின் மனநிலையைப் பற்றியும் குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தேன். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கவோ, வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கவோ கற்றுக்கொண்டு குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், ‘புரிந்ததா?’ என்று செவிலியர் கேட்டதும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்ப வேண்டாம். ‘நான் செய்து காட்டுகிறேன், நீங்கள் பாருங்கள்’ என்று நீங்களே சொல்லுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.