கெட்டும் பட்டணம் சேர்ந்த சொற்கள்

அவைத்தலைவர் அவர்களே, சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழு நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, வேலை முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய அன்புக் கைகளுக்கு நன்றி.

'ஸ்பாயில்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு, அதன் அரசியல், நம் அடுப்பங்கரை என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

லத்தீனில் 'ஸ்போலியம்' என்றால் விலங்கின் உரித்த தோல். பிறகு, வீழ்ந்த பகைவனிடமிருந்து உருவிய கவசம். அதிலிருந்து கொள்ளைப் பொருள். உரித்த பின் மிஞ்சுவது பாழ்தானே! அதனால் கெடுவதும் அதே சொல், செல்லம் கொடுத்துக் கெடுப்பதும் அதே சொல். அமெரிக்காவில் 1832-இல் மார்சி என்ற செனட்டர், வென்றவனுக்கே கொள்ளை, அதாவது 'ஸ்பாயில்ஸ்', என்று சபையிலேயே பேசினார். வென்ற கட்சி அரசாங்க வேலைகளைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. 1883-இல்தான் தகுதித் தேர்வுக்குச் சட்டம் வந்தது. அதை விரித்தால் பொழுது போதாது.

"கெட்டும் பட்டணம் சேர்" என்பார் என் தாயார். போன மாதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இரவோடு இரவாக நின்றுவிட்டது. காலையில் பேத்தி கதவைத் திறந்தாள். "தாத்தா, ஃபிரிட்ஜ் ஸ்பாயில். பால் ஸ்பாயில். சாம்பார் ஸ்பாயில்." மின்தூக்கி நின்றாலும் அவளுக்கு ஸ்பாயில்தான், இந்தச் சிங்கப்பூரில் எல்லாருக்கும் அப்படித்தான். என் மனைவி வந்தார். சாம்பாரைக் கரண்டியால் தூக்கினார். நூல் நூலாக இறங்கியது. "இது ஊசிப்போச்சு, கண்ணு. பால் திரிஞ்சு போச்சு. மாவு புளிச்சுப் போச்சு. மேலே டப்பாவுல அப்பளம் நமுத்துப் போச்சு. அந்தக் கத்திரிக்கா சொத்தை." பேத்தி கரண்டியை வாங்கி, தானே ஒருமுறை தூக்கிப் பார்த்து, "ஊ...சி" என்று இழுத்தாள். அந்த இழுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கெட்டும் பட்டணம் சேர்ந்த நம் முன்னோர் மூட்டையில் கொண்டுவந்த சொற்கள் ஐயா இவை! வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 2010-இல் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல், 2020-இல் 2.5 விழுக்காடு. பள்ளியில் ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்துக் கற்பிக்கிறார்கள். ஆனால் ஊசிப்போன வாடையைப் பாடநூலில் முகர முடியாது. அடுப்பங்கரையில்தான் அந்தச் சொல்லுக்கு உயிர்.

ஆகவே பெற்றோரே, இன்றிரவு ஃபிரிட்ஜைத் திறந்து பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊசியதா, திரிந்ததா, நமுத்ததா என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். நன்றி, வணக்கம்.