எண்ணெய் வரும் முன்னே

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வளச் சாபம், அதாவது பூமிக்குள் கிடக்கும் செல்வமே ஒரு நாட்டுக்குக் கேடாக முடிவது, என்ற தலைப்பைப் பார்த்ததும் நைஜீரியா, அங்கோலா, வெனிசுவேலா என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இன்று நான் பேசப்போவது, விற்பதற்கு ஒரு பீப்பாய் எண்ணெய்கூட வெளியே வராத ஓர் ஊரைப் பற்றி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சோமாலியாவின் பண்ட்லாந்தில் மணியோசை கேட்டு இருபது வருடம் ஆகிறது. யானையைக் காணோம். ஆனால் யானை மிதிக்கக்கூடியதையெல்லாம் மணியோசையே மிதித்துவிட்டது.

ஆப்பிரிக்காவின் கொம்பு என்கிறோமே, அந்தக் கொம்பின் நுனிதான் பண்ட்லாந்து. 1998 ஆகஸ்டில், இப்போது பண்ட்லாந்தின் தலைநகராக இருக்கும் கரோவே நகரில் குலப் பெரியவர்கள் கூடித் தன்னாட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். தனி நாடு கேட்கவில்லை. சோமாலியாவுக்குள் ஒரு மாநிலம் என்றுதான் சொன்னார்கள். பிழைப்பு என்று பார்த்தால் ஆடு, ஒட்டகம். ஹஜ் காலத்தில் பொசாசோ துறைமுகத்தில் ஆடுகள் கப்பலேறிச் சவூதிக்குப் போகும். 2000-இல் கால்நடைக் காய்ச்சலைக் காரணம் காட்டிச் சவூதி அந்த இறக்குமதிக்குத் தடை போட்டது. அது 2009 வரை நீடித்தது. அது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலைப்பக்கம் போனால் மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கிறார்கள். நம் தேவாலயங்களில் புகைகிறதே, அந்தக் குந்திரிக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஹவாலாவில் பணம் அனுப்புகிறார்கள். அரசாங்கத்துக்கு முக்கிய வருமானம் பொசாசோ துறைமுகச் சுங்கம். இந்தச் சுங்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அங்கே எண்ணெய் இருக்கும் என்று ஏன் நம்பினார்கள்? நம்பியவர்கள் ஏமாளிகள் அல்லர். ஏடன் வளைகுடா பிளந்து திறப்பதற்கு முன்பு ஏமனும் சோமாலியாவும் ஒட்டிக் கிடந்த நிலம். 1984-இல் ஏமனின் மாரிப் பகுதியில் அமெரிக்காவின் ஹன்ட் நிறுவனம் எண்ணெய் கண்டுபிடித்தது. அந்தப் பக்கத்துப் படுகைகளின் தொடர்ச்சிதான் இந்தப் பக்கத்தில் தரூர், நுகால் என்ற இரண்டு பள்ளத்தாக்குகள் என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பாரே ஆட்சியின் கடைசிக் காலத்தில் கோனோகோ, அமோகோ, செவ்ரான், பிலிப்ஸ் ஆகிய நான்கு அமெரிக்க நிறுவனங்களின் கையில் நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலத்தின் ஆய்வு உரிமை இருந்தது. 1991 ஜனவரியில் பாரே ஓடினார், அரசு கவிழ்ந்தது, நிறுவனங்களும் மூட்டையைக் கட்டின. ஒன்றைத் தவிர. 1992 டிசம்பரில் அமெரிக்கப் படை சோமாலியாவின் தலைநகர் மொகதிசுவில் இறங்குவதற்கு முன்னால் அமெரிக்கத் தூதருக்கு அலுவலகமாக இருந்தது எது தெரியுமா? கோனோகோ நிறுவனத்தின் வளாகம். அமெரிக்கா எண்ணெய்க்காகத்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது அவ்வளவு எளிதான கதை இல்லை. ஆனால் ஒரு சோமாலியக்காரர் அப்படி நினைத்தால் அவரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

இனி 2005-க்கு வருவோம். அடே மூசே என்று மக்கள் அழைக்கும் முகமூத் மூசே ஹெர்சி அப்போது பண்ட்லாந்தின் அதிபர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ரேஞ்ச் ரிசோர்சஸ் என்றொரு சிறு நிறுவனம் வருகிறது. பண்ட்லாந்து முழுவதற்கும், ஆய்வுக்காகப் பிரித்த நிலத்துண்டான பிளாக் ஒன்றோ இரண்டோ அல்ல, முழுவதற்கும் எண்ணெய், கனிம ஆய்வுக்கான தனியுரிமையில் 50.1 சதவீதத்தை வாங்குகிறது. கொஞ்சம் நில்லுங்கள். விற்றவரிடம் முறையான நில அளவை இல்லை, பெட்ரோலியச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல நிலவியல் துறையும் இல்லை. கீழே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்காவது பாதி தெரியும், விற்கிறவருக்குத் தெரியாது. அப்புறம் எதற்கு விற்றார்கள்? சம்பளம் கொடுக்க வேண்டுமே! படைவீரனுக்குச் சம்பளம் போகாவிட்டால் அவன் துப்பாக்கியோடு தன் குலத்துக்குத் திரும்பிவிடுவான். அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருந்தால் நாமும் கையெழுத்துப் போட்டிருப்போம் என்றே நினைக்கிறேன்.

கையெழுத்தின் மை காயும் முன்னே, 2006-இல், கிழக்குச் சனாக் மாகாணத்தின் மஜியஹான் பகுதியில் கனிம ஆய்வுக்கு ஆட்கள் போனார்கள், காவலுக்குப் பண்ட்லாந்துப் படையும் போனது. அது வர்சங்கேலி குலத்தார் காலங்காலமாக மேய்க்கும் பூமி. “எங்களைக் கேட்டீர்களா?” என்றார்கள். சண்டை வந்தது, உயிர்கள் போயின. அந்த மனக்கசப்பை மூலதனமாக்கிக்கொண்டு கல்கலா மலையில் ஆயுதக் குழு கட்டியவர்தான் முகமது சயீத் ஆத்தம். பிறகு அல்-ஷபாப் என்ற இஸ்லாமியத் தீவிரவாத அமைப்பு அந்த மலையில் காலூன்றியது. பூமிக்குள்ளிருந்து ஒரு மண்வெட்டி அளவு லாபம்கூட யாருக்கும் வந்திருக்கவில்லை அப்போது.

நாட்டின் தலைநகர் மொகதிசுவிலும் இதே கூத்துதான். 2007-இல் இடைக்கால அரசின் அதிபர் அப்துல்லாஹி யூசுப், முடுக் பகுதியில் எண்ணெய் தேட ஒரு சீன அரசு நிறுவனத்துக்கு உரிமை கொடுத்திருக்கிறார், அது பிரதமர் கேதிக்கே தெரியாது என்று லண்டன் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கேதி பதவி விலகினார். அதற்குக் காரணங்கள் பல, எண்ணெய் மட்டுமே அல்ல.

நுகால் படுகையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தப் படுகையின் மேற்குப் பகுதி சூல் மாகாணத்துக்குள் போகிறது. சூல் தன்னுடையது என்கிறது பண்ட்லாந்து, அங்குள்ள மக்கள் எங்கள் குலத்தார் என்ற உரிமையில். இல்லை, எங்களுடையது என்கிறது சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் சோமாலிலாந்து, பழைய பிரிட்டிஷ் எல்லைக்கோட்டைக் காட்டி. 2007-இல் சோமாலிலாந்து, சூலின் முக்கிய நகரான லாஸ் அனோத்தைப் பிடித்துக்கொண்டது. சரி, எண்ணெய் நிறுவனங்கள் என்ன செய்தன? பண்ட்லாந்து கொடுத்த அனுமதியோடு கனடாவின் ஆப்பிரிக்கா ஆயில் ஒரு பக்கம். சோமாலிலாந்து கொடுத்த அனுமதியோடு நார்வேயின் டி.என்.ஓ. மறுபக்கம். இரண்டு பிளாக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 1991-க்கு முந்தைய கோனோகோவின் உரிமை அடியில் வேறு. 2013-இல் ஐ.நா. கண்காணிப்புக் குழு எச்சரித்தது: இரண்டு நிர்வாகங்களும் தத்தம் எண்ணெய்ப் பணிகளுக்கென்று தனிப் பாதுகாப்புப் படையை இறக்கினால் மோதல் வரும் என்று. எண்ணெய்ப் பணத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்கும் நாடு என்று நாம் எல்லா மேடையிலும் உதாரணம் காட்டும் அதே நார்வேயிலிருந்து வந்த நிறுவனம்தான் இது. வீட்டில் இருக்கும் ஒழுங்கு கப்பலேறி வருவதில்லை போலும்.

ஒருவழியாக 2012 ஜனவரியில் தரூர் பள்ளத்தாக்கில் ஆப்பிரிக்கா ஆயிலின் ரிக், அதாவது கிணறு துளைக்கும் இயந்திரம், நின்றது. கிணற்றுக்கு ஷபீல்-1 என்று பெயர், சோமாலியில் ஷபீல் என்றால் சிறுத்தை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சோமாலியாவில் தோண்டும் முதல் எண்ணெய்க் கிணறு. தரூரும் நுகாலும் சேர்ந்தால் 1,000 கோடி பீப்பாய் வரை இருக்கலாம் என்று பத்திரிகைகளில் எண்கள் உலவின. பிப்ரவரியில் லண்டனில் சோமாலியா மாநாடு கூடியது. மேற்கத்திய நிறுவனங்களின் உரிமங்கள் எதுவும் செல்லாது என்று அல்-ஷபாப் அறிவித்தது. அதே நேரத்தில் நாட்டின் தெற்கே பஞ்சம். 2010 அக்டோபரிலிருந்து 2012 ஏப்ரல் வரை ஏறத்தாழ 2,60,000 பேர் இறந்தார்கள், பாதிப் பேர் ஐந்து வயதுக்குக் கீழே.

ஷபீல்-1 மூவாயிரம் மீட்டரைத் தாண்டிப் போனது. எண்ணெய் கிடைத்ததற்கான அறிகுறிகள் என்றார்கள், பிறகு வணிக அளவில் இல்லை என்றார்கள். பக்கத்திலேயே ஷபீல் வடக்கு-1 தோண்டினார்கள். அதுவும் வறண்ட கிணறு. இரண்டையும் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆப்பிரிக்கா ஆயிலுக்கு அதில் பெரிய அடி இல்லை. அதே 2012 மார்ச்சில் கென்யாவின் துர்கானாவில் அவர்கள் பங்கு வைத்திருந்த கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. ஒரு கை விட்டதை மறு கை பிடித்தது. பண்ட்லாந்துக்கு மறு கை எங்கே?

ரிச்சர்ட் ஆட்டி என்ற பொருளாதாரப் புவியியல் அறிஞர் 1993-இல் இந்த வளச் சாபம் என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்தார். அதன் உள்ளே இருக்கும் பொறி என்ன? முன்பு சொன்ன பொசாசோ சுங்கத்துக்கு வாருங்கள். சுங்கம் வேண்டுமென்றால் வியாபாரி வேண்டும். வியாபாரி வேண்டுமென்றால் சாலையில் திருடன் இருக்கக் கூடாது, ஆடு நோயில்லாமல் துறைமுகத்துக்கு வர வேண்டும். ஆக அரசுக்கு ஆடு மேய்ப்பவரின் தயவு வேண்டும். எண்ணெய்ப் பணத்துக்கு யார் தயவு வேண்டும்? பெர்த்திலோ வான்கூவரிலோ இருக்கும் ஒரு கம்பெனியின் கையெழுத்து போதும். பணம் வந்த பிறகுதான் இந்தத் திசைமாற்றம் நடக்கும் என்று நூல்கள் சொல்கின்றன. பண்ட்லாந்தில் பணத்தின் வாடை அடித்ததுமே நடந்தது.

இதைக் கேட்டுவிட்டு “அப்படியானால் எண்ணெயே வேண்டாம்” என்று கைதட்டாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர்கள் நாம். போட்ஸ்வானாவில் 1967-இல் ஓராப்பாவில் வைரம் கிடைத்தபோது, அது அதிபர் செரெட்ஸே காமாவின் சொந்த பாங்வாட்டோ இனத்தாரின் நிலம். அதே ஆண்டு அவர் அரசு சட்டம் கொண்டுவந்து, பூமிக்கடி உரிமையை இனக்குழுக்களிடமிருந்து நாட்டுக்கு மாற்றியது. தன் சொந்தக்காரர்களுக்கு வரவேண்டியதை முதலில் விட்டுக்கொடுத்தவர் என்பதால், மற்றவர்களிடம் கேட்க அவருக்கு வாய் இருந்தது. சோமாலியாவின் 2012 தற்காலிக அரசியலமைப்பில் 44-ஆவது பிரிவு இருக்கிறது. இயற்கை வளத்தைப் பங்கிடுவது பற்றி மத்திய அரசும் மாநிலங்களும் பேசி முடிவு செய்யும் என்று ஒரே வாக்கியம். முடிவு என்ன என்பது அதில் இல்லை.

அங்கே கடலிலும் இதே கதை. 2017 மார்ச்சில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஜிபூட்டியிலிருந்து மொகதிசு போன ஆரிஸ்-13 கப்பலைப் பண்ட்லாந்துக் கரையோரம் கடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். கடத்தியவர்கள் தங்களை மீனவர்கள் என்றார்கள், அந்நிய இழுவைப் படகுகள் எங்கள் மீனை வாரிக்கொண்டு போகின்றன என்றார்கள். சில நாட்களில், பிணைத்தொகை இல்லாமலே எட்டுப் பேரையும் விட்டார்கள். துப்பாக்கியைத் தூக்கியதை நான் நியாயப்படுத்தவில்லை. மீன் போனது மட்டும் பொய்யில்லை.

பங்கீட்டுப் பேச்சு முடியாமலே 2020 பிப்ரவரியில் மொகதிசு பெட்ரோலியச் சட்டத்துக்குக் கையெழுத்திட்டது, பண்ட்லாந்து ஏற்கவில்லை. 2024 மார்ச் கடைசியில், அரசியலமைப்புத் திருத்தங்களை எதிர்த்து, மத்திய அரசையே இனி ஏற்பதில்லை என்று பண்ட்லாந்து அறிவித்தது. அதே மாதம் மொகதிசு துருக்கியோடு எண்ணெய் ஒப்பந்தம் போட்டது. அக்டோபரில் துருக்கியின் ஓருச் ரெய்ஸ் ஆய்வுக் கப்பல் வந்து சேர்ந்தது. நுகால் பக்கம் பார்த்தால், 2023-இல் லாஸ் அனோத் மக்கள் பல மாதப் போருக்குப் பிறகு சோமாலிலாந்துப் படையை விரட்டினார்கள். இப்போது அவர்கள் பண்ட்லாந்தும் வேண்டாம், சோமாலிலாந்தும் வேண்டாம், நாங்களே தனி மாநிலம் என்கிறார்கள். மொகதிசு ஆதரிக்கிறது, கரோவே எதிர்க்கிறது. நாளை ஒரு கம்பெனி நுகாலில் கிணறு தோண்ட வந்தால், அனுமதி கேட்டு நான்கு வாசலில் நிற்க வேண்டும். நான்கு வாசலிலும் காவலுக்குத் துப்பாக்கி உண்டு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். துருக்கி ஒப்பந்தத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.